எடைக்கல் நியாயம்

தருமபுரிக் கடைத்தெருவில் ஒரு வெள்ளிக் கடை. சிட்லிங்கிப் பக்கத்து லம்பாடிப் பாட்டி ஒருத்தி, பழைய வெள்ளிக் காசுகளைக் கோத்த ஆரத்தை விற்க வந்திருந்தாள். கடைக்காரர் எடை போட்டார். அழுக்குக்கென்று கொஞ்சம் கழித்தார். வேலைப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. உருக்கப் போகிற பொருளுக்கு அழகென்ன, அவலட்சணமென்ன!

நியூயார்க்கில் 1926-ல் கடை வைத்த மிரியம் ஹாஸ்கெல் அம்மாள் விற்றதெல்லாம் பித்தளையும் கண்ணாடி மணியும்தான். முலாம் போனால் குன்றிமணிப் பொன் தேறாது. பலவற்றை உருவமைத்தவரும் அவரல்ல, ஃபிராங்க் ஹெஸ். ஆரம்ப கால நகைகளில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. ஆனாலும் அவற்றைத் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள்.

பணக்காரப் பைத்தியம் என்பீர்கள். இருக்கட்டும். அந்தப் பைத்தியம் ஒரு கைவேலையைக் காப்பாற்றுகிறது. நம்முடைய கெட்டிக்காரத்தனம் அதை உருக்கிவிடுகிறது.

பாட்டியை நான் குறை சொல்லவில்லை. பசிக்கு முன்னால் கலை எம்மாத்திரம்? வாங்குகிறவர்களைத்தான் கேட்கிறேன்: கவரிங் என்றால் முகம் சுளிக்கிறீர்கள், வெள்ளி என்றால் தராசைத் தூக்குகிறீர்கள். செய்த கைக்குக் கூலி எப்போது தருவீர்கள்? அந்த ஆரத்துக்கு வெள்ளி விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்திருந்தால், அந்த ஒரு ரூபாய்தான் கலையின் விலை. அதைக் கொடுக்க அன்று ஆளில்லை; வேடிக்கை பார்த்து நின்ற நானும் கொடுக்கவில்லை.