நாணயம் இரண்டு, பொத்தான் ஒன்று

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், குறிப்பாக லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும், சபுராளி இல்லாத தெருவைத் தேடித்தான் காண வேண்டும். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து பதிவுத் தபாலில் டிராஃப்ட் வரும். வங்கியில் அது பணமாகும் நாளுக்காக வீடே காத்திருக்கும். அந்தச் சலிப்புதான் பலரை உண்டியல்காரரிடம் அனுப்பியது. சட்டம் தடுத்தும் அவ்வழி செழித்ததற்குப் பேராசை மட்டும் காரணமன்று. அது எளிதாக இருந்தது.

2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் முறையும் நம் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டன. வெள்ளி ரூபாயாவதும், இருநாட்டு வங்கிகள் கணக்குத் தீர்ப்பதும் திரைக்குப் பின்னே நிகழ்கின்றன. அனுப்புகிறவருக்குப் பெறுபவரின் யுபிஐ முகவரி போதும். தொடக்கத்திலேயே இருவழிக்கும் இடமளித்த நான்கு இந்திய வங்கிகளுள் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அடங்கும். அன்று வகுத்த உச்சவரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வெள்ளி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போதாமற் போகலாம். மாதச் செலவுக்குப் போதும்.

இதே எளிமையைத்தான் கிரிப்டோ எனப்படும் மறைநாணய உலகமும் தேடுகிறது. பிட்காயினுக்கு ஒரு பேரேடு, ஈதருக்கு வேறொன்று. ஒன்றின் நாணயம் மற்றதில் செல்லாது. மாற்ற விரும்புபவர் ‘பாலம்’ என்னும் இடைச்சேவையைத் தேட வேண்டும். கட்டணத்தை அந்தந்தப் பேரேட்டின் நாணயத்திலேயே வைத்திருக்க வேண்டும். தவறான முகவரிக்குப் போனதை மீட்டுத்தர வங்கி மேலாளர் என ஒருவர் அங்கில்லை. பாலமும் உறுதியானதன்று: 2022 மார்ச்சில் ரோனின் என்னும் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் களவு போயிற்று. இப்போதோ, “இதைத் தருகிறேன், அது வேண்டும்” என்று சொன்னால் போதும், வழியை இடையாளர்கள் போட்டியிட்டுத் தேடிக்கொள்வார்கள் என்னும் ஏற்பாடுகள் வந்துள்ளன.

மறைநாணயம் ஆகுமா, ஆகாதா என்பது ஆலிம்களின் விவாதம். நம் கேள்வி வேறு: அந்த ஒற்றைப் பொத்தான் எதை மறைக்கிறது? வழியை மறைத்தால் நன்மை. விலையை மறைத்தால்? “கட்டணமே இல்லை” என்னும் சேவையும் மாற்று விகிதத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளக்கூடும். மேலும், ஒரு மறைநாணயத்தைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவதும் நம் நாட்டுச் சட்டத்தில் கைமாற்றமே. அதன் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி. அயல்நாட்டுச் செயலி இதை நினைவூட்டும் என எதிர்பார்க்க இயலாது.

“அம்மா, அனுப்பப் போகிறேன்” என்று மகன் தொலைபேசியில் சொன்னால், “இன்றைய விகிதம் என்ன? இங்கே கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். பொத்தானை அழுத்துமுன் அத்தொகையை அவனுடைய செயலி காட்டவில்லையென்றால், வேறு செயலியைப் பார்க்கச் சொல்லுங்கள்.