காசுக்குக் காற்று!

கோலி சோடா தெரியும்தானே? தண்ணீருக்குள் கேஸை அழுத்தி அடைத்திருப்பார்கள். அழுத்தம் இருக்கிற வரை அது சமர்த்தாகக் கரைந்து கிடக்கும். குண்டைத் தட்டினால் 'புஸ்'ஸென்று பொங்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் 'ஹைப்பர்பேரிக் ஆக்ஸிஜன் தெரபி' என்று சொல்கிற சமாசாரத்தின் அடிப்படை இவ்வளவுதான். மூடிய சேம்பருக்குள் ஆளைப் படுக்க வைத்து, வெளியில் இருப்பதைப்போல இரண்டு, மூன்று மடங்கு அழுத்தம் ஏற்றி, சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். ரத்தத்தின் திரவத்திலேயே ஆக்ஸிஜன் கரைந்துவிடுகிறது. பம்பும் கம்ப்ரசரும் செய்கிற கோவைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

என் சண்டை இந்தக் கருவியோடு இல்லை. அதை வைத்து நடக்கிற வியாபாரத்தோடுதான்.

கருவி நல்ல கருவி. தூத்துக்குடியில் கம்ப்ரசர் டியூபில் காற்று வாங்கிக்கொண்டு சங்கு குளிக்கிறார்களே, அவர்கள் அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். திறந்த சோடா பாட்டில் கதைதான்! கை கால் விழுந்துபோகும், உயிரும் போகலாம். அதற்கு உலகம் முழுக்க முதல் வைத்தியம் இந்த சேம்பர்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குப் பயந்து அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றி அவ்வப்போது படிக்கிறோம். அந்தக் கார்பன் மோனாக்ஸைடு சாதாரணக் காற்றில் ரத்தத்தை விட்டுப் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். சேம்பரில் அரை மணிக்குள் ஆகிவிடும். ரேடியேஷனில் கெட்டுப்போன தாடை எலும்பு, அழுகிப் பரவும் சில புண்கள் என்று நியாயமான பட்டியல் இருக்கிறது. ஆனால், சின்னப் பட்டியல்.

வியாபாரத்துக்குச் சின்னப் பட்டியல் கட்டுப்படியாகாதே! ஆட்டிசம், மூளை வளர்ச்சிக் குறைபாடு, கேன்சர், இளமை திரும்புதல் என்று அதை ரப்பராக இழுக்கிறார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013-லேயே எச்சரித்துவிட்டது: கேன்சர், ஆட்டிசம், சர்க்கரை நோய் எதையும் இது குணப்படுத்தும் என்று நிரூபணமாகவில்லை.

மூளை முடக்குவாதம் உள்ள 111 குழந்தைகளைக் கனடாவில் சோதித்து, 2001-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு அழுத்தத்தில் ஆக்ஸிஜன். பாதிப் பேருக்கு லேசாக அழுத்திய வெறும் காற்று. 40 சிட்டிங். இரண்டு குழுவிலும் முன்னேற்றம் ஒரே அளவு! அம்மா அப்பா கூடவே இருந்து, எல்லோரும் அக்கறையாகக் கவனித்தால் குழந்தை கொஞ்சம் தேறத்தான் செய்யும். அதற்கு சேம்பர் எதற்கு?

நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று காற்றடைத்த பை மாதிரி ஒன்றை விற்கிறார்கள். அழுத்தம் 1.3 மடங்கு. காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 27 வருகிறது. மூக்கில் சின்ன டியூப் வைத்தாலே அந்த அளவு கிடைத்துவிடும். இதற்குப் பெயர் தெரபியா?

சர்க்கரை நோயாளியின் காலுக்கு வருவோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். ஆறாத காலோடு ஒருவர் வந்தால், காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்கிற பயத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஸ்வீடனில் 94 பேரிடம் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில் சேம்பருக்குப் போனவர்களில் 52 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது, மற்றவர்களில் 29 சதவீதம். சபாஷ்! ஆனால் 2016-ல் கனடாவில் 100-க்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் வித்தியாசமே இல்லை. அதாவது, சிலருக்கு உதவலாம். ரத்த ஓட்டத்தைச் சரிபார்த்து, புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரையை அடக்கி, காலில் பாரம் விழாமல் செருப்பு மாற்றிய பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது. முதலிலேயே 40 சிட்டிங் பேக்கேஜ் எழுதினால் அது பில், வைத்தியம் இல்லை. சிட்டிங்குக்கு 3 ஆயிரம் என்று வையுங்கள், 1 லட்சத்து 20 ஆயிரம்!

"பக்க விளைவு இல்லையே சார், முயற்சி பண்ணினால் என்ன?" என்பார்கள். இருக்கிறது. காது ஜவ்வு கிழியலாம், அபூர்வமாக வலிப்பும் வரலாம். எல்லாவற்றுக்கும் மேல், தீ! ஆக்ஸிஜன் நிரம்பிய இடத்தில் ஒரு பொறி போதும். 1997-ல் இத்தாலியின் மிலான் நகர ஆஸ்பத்திரியில் 11 பேர் செத்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் சேம்பருக்குள்ளேயே 5 வயதுப் பையன் கருகிப்போனான். அவன் கடலுக்குள் குதித்தவனா, புகையில் சிக்கியவனா? இல்லை. கவனக்குறைவுக்கும் தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டுமே எஃப்.டி.ஏ. அங்கீகரிக்காத உபயோகம்.

இந்த மோகம் புதுசும் இல்லை. கன்னிங்ஹாம் என்ற டாக்டர் 1928-ல் க்ளீவ்லாண்டில் 64 அடி விட்டத்துக்கு ஓர் இரும்பு உருண்டையையே ஆஸ்பத்திரியாகக் கட்டினார். அழுத்தக் காற்றில் சர்க்கரை முதல் கேன்சர் வரை எல்லாம் குணமாம்! அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, வரவில்லை. கடைசியில் உலகப் போரின்போது உருண்டை காயலான் கடைக்குப் போனது.

நம் ஊரில் கேட்க ஆள் உண்டா? சர்க்கரை நோய், கேன்சர், பக்கவாதம் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-ல் சட்டம் போட்டது. விதிகள் வந்தது 2018-ல். 21 வருஷம்! அதிகாரிகளுக்கு ஆக்ஸிஜன் கொடுத்திருக்க வேண்டும்.

அதுவரைக்கும் நம்மை நாமேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். காந்திபுரத்தில் யாராவது இந்த சிகிச்சைக்கு நோட்டீஸ் நீட்டினால், கூச்சப்படாமல் மூன்றே கேள்வி கேளுங்கள். "ஏனுங்க, எந்த நோய்க்குங்க, எந்த ஆய்வுங்க? எத்தனை மடங்கு அழுத்தம்ங்க, சுத்தமான ஆக்ஸிஜன்தானுங்களா? தீப்பிடிச்சா கதவைத் திறக்க உள்ளே வெளியே யாருங்க நிக்கிறது?"

பதில் வந்தால் உள்ளே போகலாம். பேக்கேஜ் பேச்சு வந்தால், வெளியே காற்று இன்னும் இலவசம்தான்.