மாட்டின் காதில் தொங்கும் பைல் நம்பர்

கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் பழக வேண்டியது, பைலுக்குச் சரியான பெயர் வைப்பது. பெயர் சரியில்லை என்றால் பைல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தும் இல்லாதது போலத்தான். கால்நடை மருத்துவமனைப் பதிவேடுகளின் சிக்கலும் இதுவே.

நோட்டில் பொதுவாக என்ன எழுதப்படுகிறது? தேதி, உரிமையாளர் பெயர், ஊர், கலப்பினப் பசு, கொடுத்த மருந்து. ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவரிடமே மூன்று பசுக்கள் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே பசு சினை பிடிக்கவில்லை என்று வந்தால், பழைய சிகிச்சையைத் தேட எத்தனை பக்கம் புரட்டுவது? எந்த மருந்து அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு உங்கள் ஞாபகம்தான் சாட்சி.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2007-ல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் மாடு வாங்குகிறவர் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. வேப்பந்தட்டையில் விற்ற பசு செந்துறைக்குப் போகும். நோட்டு கூடப் போகாது.

கம்ப்யூட்டர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. உரிமையாளர் பெயரிலேயே டைப் செய்தால், நோட்டில் இருந்த குழப்பம் திரைக்கு வரும், அவ்வளவுதான். மாட்டுக்கென்று ஓர் எண் வேண்டும். காதில் போடும் மஞ்சள் தோட்டில் அது இருக்கிறது: 12 இலக்கம். மத்திய அரசின் பாரத் பசுதன் தளத்தில் தடுப்பூசி, கருவூட்டல் விவரங்கள் இந்த எண்ணில்தான் பதிவாகின்றன. அன்றாடச் சிகிச்சை நோட்டிலும் முதல் கட்டம் இந்த எண்ணாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

காலை நேரக் கூட்டத்தில் டாக்டர் ஒருவரே ஊசியும் போட்டு, டைப்பும் செய்வது சிரமம்தான். அதில் பாதி வேலையை நாம் செய்யலாம். எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து, தோடு எண், தேதி, நோய், மருந்து, கருவூட்டல் தேதி என்று கட்டங்கள் போடுங்கள். ஒன்று கவனம்: 12 இலக்க எண்ணை அப்படியே அடித்தால் எக்ஸெல் அதைச் சுருக்கிக் காட்டும். முதலில் அந்தக் கட்டங்களைத் தேர்வு செய்து, பார்மட் செல்ஸ் போய் டெக்ஸ்ட் என மாற்றிவிடுங்கள். கருவூட்டல் தேதியுடன் 280-ஐக் கூட்டினால், கன்று ஈனும் நாள் ஏறக்குறைய வந்துவிடும்.

பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாட்டை விற்கும்போது, கயிற்றோடு அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். வாயில்லா ஜீவனுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான்.