பதிவெண் மட்டும் போதாது

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரக் கடைகளில் தொங்காட் அலி, கச்சிப் பாத்திமா ஆகிய மூலிகைகள் தாராளமாக விற்பனையாகின்றன. பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவெண்ணும் கடைசியில் 'டி' எழுத்தும் இருந்தால், அது பதிவான பாரம்பரிய மருந்து. 1992 முதல் நடக்கும் இந்தப் பதிவுக்காக ஈயம், பாதரசம், கிருமி எல்லாம் சோதிக்கப்படுகின்றன. கள்ளத்தனமாக ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் போதாது.

மூலிகையே கல்லீரலை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. எலிகளுக்கு 90 நாள் வாய்வழியாகக் கொடுத்து ரத்தத்தையும் உறுப்புகளையும் ஆராயச் சொல்கிறது, பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் (ஓஇசிடி) 408 எண் கொண்ட நச்சுத்தன்மைச் சோதனை வழிமுறை. வழிவழியாகப் பயன்பட்ட மூலிகைகளுக்கு இது பொதுவாகக் கட்டாயமில்லை. பாட்டி கொடுத்த கஷாயமோ இன்று செறிவூட்டிய கேப்சூலாக வருகிறது. உள்ளே போகும் அளவே மாறிவிட்டது. அத்தகைய கேப்சூல்களுக்காவது 90 நாள் சோதனையைச் சுகாதார அமைச்சு கட்டாயமாக்க வேண்டும்.