கனவில் வந்தது யார் குரல்?

"நந்தனாருக்கு சாமியே கனவுல வந்து சொல்லுச்சு. அதைப் போய் எரிச்சுக் கொன்னாங்கன்னு எழுதறீங்களே. நம்பிக்கை இல்லாதவனுக்கு அருள்வாக்கு புரியாது சார்" என்றார், வங்கியில் என்னோடு வேலை பார்க்கிற சைவ நண்பர்.

சரி, நம்பித்தான் பார்ப்போமே. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம்.

ஆதனூர்ச் சேரியிலிருந்து வந்த நந்தன் தில்லையின் எல்லையை இரவும் பகலும் சுற்றுகிறார். உள்ளே போக முடியவில்லை. கனவில் சிவன் சிரித்துக்கொண்டே வருகிறான். இந்தப் பிறவி தீர நெருப்பில் மூழ்கி, பூணூல் போட்டவர்களோடு சேர்ந்து வா என்கிறான். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் போய் நிற்கிறான். அங்கே சொல்வது: தீ மூட்டுங்கள்.

'கதவைத் திறங்கள்' என்று சொல்ல எத்தனை மூச்சு கூடுதலாகச் செலவாகியிருக்கும்? திருப்புன்கூரில் நந்தியையே விலக வைத்த சாமி இது. கல்மாடு விலகியது. பார்ப்பானை விலகச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. இரண்டு கனவிலும் ஜாதிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை தோழர்களே!

சாட்சிக்கு வருவோம். தெற்கு வாசலுக்கு முன்னால், மதிலுக்கு வெளியே தீ. நந்தன் இறங்கினார். பூணூலும் சடைமுடியுமாக முனிவராய் எழுந்தார், கோயிலுக்குள் போனார், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இதுவும் சேக்கிழார் சொன்னதுதான். 'ஆமாம், எனக்கு அப்படித்தான் கனவு வந்தது' என்று நம்மிடம் சொல்ல நந்தன் இல்லை. மிஞ்சிய சாட்சிகள் தீ மூட்டியவர்கள். அவருக்கு முந்திய சுந்தரரிடம் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கனவும் இல்லை, தீயும் இல்லை.

தீ என்றால் ஞானத்தீ, அது உருவகம் என்று விளக்கம் சொல்றாங்க. ஞானத்துக்கு எதுக்கய்யா பூணூல்?

வேதத்தை எழுதியவன் எவனுமில்லை, கடவுள்கூட இல்லை என்பது மீமாம்சகர் வாதம். அதைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். எழுதினவனே இல்லாத நூலுக்கு இத்தனை காவல்காரர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? எழுதினவன் இல்லையென்றால் திருத்தச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது? அந்த வசதிக்காகத்தான் அந்த வாதம். சாஸ்திரங்களின் புனிதத்தைத் தகர்க்காமல் சாதி சாகாது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியது இதைப் பார்த்துத்தான். தன் தம்மத்தைக் கடவுள் அருளியதாகச் சொல்லிக்கொள்ளாத புத்தரிடம் அவர் போய்ச் சேர்ந்ததும் தற்செயலில்லை.

எங்கள் தெருவில் அத்தை ஒருத்திக்கு சாமி வரும். உடுக்கை அடிச்சா ஆடும், குறி சொல்லும். "போன வருசமும் மழை வரும்னுதான் சொன்னே, எங்க வந்துச்சு?" என்று எங்கம்மா நேருக்கு நேர் நின்னு கேக்கும். சாமி கோவிச்சுக்கும், அழும், சில சமயம் சொன்னதை மாத்திக்கும். அந்த வாக்கையும் நான் நம்பவில்லை. ஆனால் அதற்காக யாரையும் தீயில் இறக்கியதில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். "கனவுல வர்ற சாமியை எதிர்த்துக் கேக்க முடியுமா சார்?" என்றார்.

எங்கம்மா கேட்டிருக்கும்.