பி மதிப்பு 0.99-ன்னு வந்தா தூக்கிப் போட்டுடறதா?

நம்ம ஐடி ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. புரோகிராம் எரர் அடிச்சு நின்னாத்தான் பிரச்சனைன்னு நினைப்போம். ஓடி முடிச்சு ஏதோ நாலு நம்பரைக் கக்கிட்டா, டீ குடிக்கக் கிளம்பிடுவோம். போன வருஷம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

ஒரு தொழிற்சாலைக்காக வேலை. அவங்க பம்புகள்ல எதெது ஒரு வருஷத்துக்குள்ள லீக் ஆகும்னு கணிக்கணும். ஆனா 1, ஆகலைன்னா 0. இப்படி "நடக்குமா, நடக்காதா" கேள்வி வந்தா லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைத்தான் முதல்ல கையில எடுப்பாங்க. நானும் ஆர் மென்பொருள்ல ஜிஎல்எம் போட்டேன். பம்போட வயசு, ஓடற நேரம், உள்ளே இருக்கற சீல் என்ன வகை, எல்லாத்தையும் கொடுத்தேன். சமர்த்தா ஓடுச்சு. ஒரு வகை சீலுக்கு மட்டும் பி மதிப்பு 0.99. அப்படின்னா சம்பந்தமே இல்லைன்னு நானே தீர்ப்பு சொல்லி, சீல் விஷயத்தையே தூக்கிட்டேன். மாடல் பார்க்க லட்சணமா ஆயிடுச்சு.

எங்க டீம்ல புள்ளியியல் படிச்ச சீனியர் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட காட்டினேன்.

"தம்பி, சீல் எங்கப்பா?"

"பி மதிப்பு 0.99-க்கா. எடுத்துட்டேன்."

"ஸ்டாண்டர்டு எரர் எவ்வளவு இருந்துச்சு?"

"அது... ஆயிரக்கணக்குல."

"டேபிள் போட்டுப் பாத்தியா?"

பார்க்கலை. போட்டேன். அந்த வகை சீல் இருந்த பம்புகள் கொஞ்சம்தான். ஆனா அத்தனையும் லீக் ஆகியிருந்துச்சு. ஒண்ணு கூடத் தப்பலை. எது ரொம்ப முக்கியமோ அதையே பார்த்துத் தூக்கியிருக்கேன். அந்த பம்புக்குப் பக்கத்துல நின்னு வேலை பார்க்கறவரை நினைச்சப்போ எனக்கு வேர்த்துடுச்சு.

சீல்னதும் அக்கா சேலஞ்சர் விண்கலக் கதைக்குப் போயிட்டாங்க. 1986 ஜனவரி 28. கிளம்பின 73-வது வினாடியில வெடிச்சு ஏழு பேர் இறந்து போனாங்க. காரணம், ராக்கெட் பூஸ்டர் இணைப்புல இருந்த ஓ-ரிங்குங்கற ரப்பர் சீல். குளிர்ல அது இறுகிப் போச்சு. முதல் நாள் ராத்திரியே பூஸ்டர் செஞ்ச கம்பெனியோட பொறியாளர்கள் வேண்டாம்னு சொன்னாங்க. ஆனா அன்னிக்கு அலசினது சேதம் ஆன பயணங்களை மட்டும். 53 டிகிரி ஃபாரன்ஹீட்லயும் சேதம், 75-லயும் சேதம், அப்போ வெப்பநிலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு ஆயிடுச்சு. சேதமே ஆகாத பயணங்களைச் சேர்த்துப் பார்க்கலை.

சேர்த்துப் பார்த்தா? அதுக்கு முன்னாடி போன பயணங்கள்ல 23-க்கு விவரம் இருக்கு. 65 டிகிரிக்குக் கீழே கிளம்பினது 4, அந்த நாலுலயும் ஓ-ரிங் சேதம். அதுக்கு மேலே 19, சேதம் ஆனது 3 மட்டும். ஸ்கூல் பையன் கூட சொல்லிடுவான் குளிர்தான் வில்லன்னு.

இப்போ இதையே ஆர்ல போடுங்க. 65-க்குக் கீழேன்னா 1, மேலேன்னா 0, அவ்வளவுதான். கோயஃபிஷியன்ட் சுமார் 20. ஸ்டாண்டர்டு எரர் 3,000-க்கும் மேலே. பி மதிப்பு 0.995! எச்சரிக்கைன்னு ஒரு வரி கூட வராது. பி மதிப்பை மட்டும் பார்க்கற என்னை மாதிரி ஆளு "குளிருக்கும் ஓ-ரிங்குக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிடுவான்.

ஏன் இப்படி? நாலுக்கு நாலும் சேதம்னா, டேட்டாவுக்கு ரொம்பப் பொருந்தற நிகழ்தகவு 1. லாஜிஸ்டிக் கணக்குல 1-ஐத் தொடணும்னா கோயஃபிஷியன்ட் முடிவிலிக்குப் போகணும். மென்பொருள் படி ஏறிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல "இதுக்கு மேல ஏறினாலும் பெருசா லாபமில்லை"ன்னு உட்கார்ந்துடும். அது உட்கார்ந்த இடம்தான் அந்த 20. அந்த இடத்துல எல்லாம் தட்டையா இருக்கறதால ஸ்டாண்டர்டு எரர் ஊதிப் பெருத்துடும். 20-ஐ 3,000-ஆல வகுத்தா கிட்டத்தட்ட பூஜ்யம், பி மதிப்பு கிட்டத்தட்ட 1. அதாவது விளைவு எவ்வளவு பலமோ, அவ்வளவு பலவீனமா காட்டும் இந்த சோதனை. ஹாக், டோனர்னு ரெண்டு பேர் 1977-லயே இதை எழுதி வெச்சுட்டாங்க. நாமதான் படிக்கலை :-)

இதுக்குப் பேரு செபரேஷன். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி நடந்துக்கும். ஸ்டேட்டா அந்த வேரியபிளையும் அந்த வரிகளையும் கழட்டி விட்டுட்டு ஒரு குறிப்பு போடும். சாஸ் எச்சரிக்கை கொடுத்துட்டு முடிவையும் அச்சடிக்கும். ஆர் சில சமயம் முனகும், மேலே பார்த்த மாதிரி சில சமயம் வாயே திறக்காது.

அப்போ என்ன செய்யணும்? என் அனுபவத்துல நாலே விஷயம்.

1. மாடலுக்கு முன்னாடி டேபிள். ஏதாவது ஒரு கட்டத்துல பூஜ்யம் இருந்தா உஷாராயிடுங்க.

2. பி மதிப்புக்கு முன்னாடி ஸ்டாண்டர்டு எரரைப் பாருங்க. ஆயிரக்கணக்குல இருந்தா அந்த வரியை நம்பாதீங்க.

3. லைக்லிஹுட் ரேஷியோ சோதனை போடுங்க. மேலே சொன்ன அதே டேட்டாவுக்கு கை-ஸ்கொயர் 11.7 வருது, பி மதிப்பு 0.001-க்கும் கீழே. 0.995 எங்கே, இது எங்கே!

4. டேவிட் ஃபர்த் 1993-ல சொன்ன திருத்தத்தைப் போடுங்க. ஆர்ல லாஜிஸ்ட்எஃப் பேக்கேஜ் இருக்கு. முடிவிலிக்கு ஓடற கோயஃபிஷியன்ட் 3.75-க்கு இறங்கி வந்துடும். குளிர்ல சேதத்துக்கான நிகழ்தகவு 90 சதவீதம், மத்த நாள்ல 17.5 சதவீதம்.

அந்த 90-ஐயும் கவனிங்க. வேரியபிளைத் தூக்கறது ஒரு தப்புன்னா, "நாலுக்கு நாலு, அதனால 100 சதவீதம் உடையும்"னு அடிச்சுச் சொல்றதும் தப்பு. நாலு சாட்சியை வெச்சு நூறு சதவீதம் பேசக் கூடாது.

ஒண்ணை ஒத்துக்கணும். 65-ங்கற கோடு, டேட்டாவைப் பார்த்த பிறகு விளக்கத்துக்காக நான் கிழிச்சது. வெப்பநிலையை அப்படியே எண்ணா கொடுத்தா செபரேஷனே வராது. கோயஃபிஷியன்ட் -0.232, பி மதிப்பு 0.03. நல்லா இருக்கற எண்ணை நாமே வெட்டி ரெண்டு டப்பாவுல போட்டு இந்த வம்பை விலைக்கு வாங்கறோம். பல இடத்துல இதுதான் நடக்குது.

"எல்லாத்தையும் இப்படி டேபிள் போட்டுப் பார்த்துட்டிருந்தா டெட்லைன் என்னாகும்?"னு நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்க டேபிளுக்கு ஆன நேரம் ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சுதான் நான் சீலைத் தூக்கிப் போட்டேன்.

மென்பொருள் மேல பழி போட்டுப் புண்ணியமில்லை. அது கேட்ட கணக்கைப் போட்டுக் கொடுத்துச்சு. கணக்குக்குப் பின்னாடி பம்பு இருக்கு, பக்கத்துல ஆள் நிக்கிறாருங்கறது அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதுக்குத்தானே சம்பளம்?

பி.கு: சீலை மாடல்ல திரும்பச் சேர்த்துத்தான் அனுப்பினோம். அக்காவுக்கு ஒரு ஃபில்டர் காபி கடன் பாக்கி இருக்கு.