நகோயாவுல தறி ஓடுது... நம்மூர்ல?

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்டுன்னு கம்பெனியில என்னை ஜப்பானுக்கு, நகோயாவுக்கு அனுப்புனாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை கார் பார்க்கலாம்னு டொயோட்டா மியூசியத்துக்குப் போனேன். உள்ளே நுழைஞ்சா மொதல்ல நிக்கறது காரில்லைங்க, பஞ்சும் தறியும்!

டொயோட்டாவோட ஆரம்பமே தறிதான். சகிச்சி டொயோடா 1924-ல் செஞ்ச தானியங்கித் தறியில பாவு நூல் அறுந்தா மெஷின் தானா நின்னுடும். தங்களோட பழைய செங்கல் தொழிற்சாலையையே 1994-ல் மியூசியமா மாத்தி, அந்தக் கால மெஷினை இன்னைக்கும் ஓட்டிக் காட்டறாங்க.

ஒருத்தர் பஞ்சைத் திரிச்சு, அறுந்த நூலை ஒட்டிக் காட்டினார். எனக்குத் தொண்டை அடைச்சுது. எங்க அப்பாரு கோவையில ஒரு மில்லுல முப்பது வருஷம் பார்த்த வேலை அது. ரிட்டையர் ஆனப்ப காது பாதி கேக்காது. "மில்லுல என்னங்கப்பாரு பண்ணுவீங்க?"ன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. புரிஞ்சப்ப அவர் இல்லை.

நம்மூர் கதையும் இதேதான். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆரம்பிச்ச மில். 1932-ல் பைகாரா கரண்ட் வந்ததும் வரிசையா மில்லுக. அதைச் சுத்திப் பட்டறைக. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் செஞ்ச மோட்டார். 1962-ல் நூற்பு மெஷினையே செய்ய வந்த எல்.எம்.டபிள்யூ. பம்புசெட்டும் கிரைண்டரும் வானத்துல இருந்து குதிக்கலை.

ஒண்ணுமே காப்பாத்தலைன்னு சொல்ல மாட்டேன். அவினாசி ரோட்டுல ஜி.டி.நாயுடு மியூசியம் இருக்கு, அருமையான இடம். லட்சுமி மில் வளாகத்துல இப்ப கடையும் ஹோட்டலும் வந்திருக்கு. ஆனா நாம ஞாபகம் வெச்சிருக்கறதெல்லாம் முதலாளிகளை மட்டும்தான். மூணு ஷிப்ட்டுலயும் நின்னவங்க எங்கே? மில் போராட்டத்தை ஒட்டின கொலை வழக்குல சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நாலு பேரை 1946 ஜனவரி 8-ல் கோவை ஜெயில்ல தூக்குல போட்டாங்க. எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன வருஷம்தான் தெரியும் :-(

2020 ஊரடங்குல கோவை என்.டி.சி. மில்லுக நின்னுச்சு. அது அரசாங்கத்து சொத்து. அதுல ஒரே ஒரு ஷெட்டைக் குடுங்க. பத்து மெஷின் ஓடட்டும். ரிட்டையர் ஆன ஆளுகளையே சம்பளம் குடுத்து நிறுத்துங்க, பள்ளிக்கூடப் பசங்களுக்கு அவங்களே சொல்லிக் குடுக்கட்டும்.

"தொழிலாளிக்கு மொதல்ல பாக்கியைக் குடு, அப்புறம் மியூசியம்"னு கேப்பீங்க. நியாயம்தான். குடுத்தே ஆகணும். நான் கேக்கறது முழு மில்லையும் இல்லை, ஒரு மூலையை. கட்டடம் இன்னும் இருபது வருஷம் கழிச்சும் நிக்கும். மெஷினும் துருப்பிடிச்சுக் கிடக்கும். ஆனா அதை ஓட்டத் தெரிஞ்ச கை அப்ப இருக்காது. அவசரம் அதுக்குத்தான்.

அரசாங்கம் செய்யறப்ப செய்யட்டும். உங்க வீட்டுல மில்லுக்குப் போன அப்பாரோ அப்பிச்சியோ இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து கேளுங்க. போன்ல பதிஞ்சும் வெச்சுக்கோங்க. கொஞ்சம் சத்தமாக் கேளுங்க, காது கேக்காது.